உப்பு பார்க்கிறவள்

"உப்பு சரியா இருக்கா பாரு, பாப்பா."

"சரியா இருக்கும்மா."

அப்போது அவளுக்கு எட்டு வயது. அப்பா சாப்பிட உட்காரும் முன் குழம்பை ருசி பார்த்துச் சொல்வது அவள் வேலை.

அன்று விளையாடப் போகும் அவசரம். நாக்கில் வைக்காமலே சொல்லிவிட்டாள்.

முதல் வாய்ச் சோறு. தட்டு பறந்து சுவரில் மோதியது.

அடுத்தது இரும்புக் கரண்டி. அம்மாவின் இடது காதில்.

"உப்பு போடத் துப்பில்ல உனக்கு." அப்பா மறுபடி ஓங்கினார். மறுபடியும்.

தரையில் சிதறிய சோறு சிவந்தது.

அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை.

மறுநாள் பள்ளியில் டீச்சரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். எங்க வீட்டுக்கு ஒருதடவை வாங்க டீச்சர். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

"என்ன வேணும்?" என்றார் டீச்சர்.

"சாக்பீஸ்" என்றாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது.

இப்போது அவள் நர்சிங் மூன்றாம் ஆண்டு. வெள்ளைக் கோட்டு. கையில் காய்கறிப் படங்கள் ஒட்டிய சார்ட். எதிரே, சுகாதாரப் பாடம் கேட்க உட்கார்ந்திருக்கும் ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு.

"உப்பைக் குறைச்சா என்ன நல்லது?"

"பி.பி. வராது!"

"எங்க தாத்தாவுக்கு வந்துருச்சுக்கா. ஊறுகாய ஒளிச்சு வச்சுத் திங்கிறாரு."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

காலையில் தோழிகளோடு சேர்ந்து வேகவைத்த சுண்டல். வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டது. முதல் கிண்ணத்தை முதல் பெஞ்சு சுபிக்‌ஷாவிடம் கொடுத்தாள்.

சிறுமி ஒரே ஒரு கடலையை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

மெல்லவில்லை.

பிறகு எழுந்து, அவள் கையிலிருந்த பாத்திரத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"உப்பு பத்தலக்கா. யாருக்கும் வச்சுராதீங்க."

மூடிய கைகளை எடுக்கவில்லை.

"உங்கள அடிப்பாங்க."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

"வீட்ல உப்பு நீதான் பார்ப்பியா?"

சிறுமி தலையசைத்தாள்.

"தப்பாச் சொல்லிட்டியா?"

"இல்லக்கா. நேத்து நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னேன். சரியாத்தான் இருந்துச்சு."

சிறுமி அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவும் அப்பா அடிச்சாரு. அம்மாவால வாயத் தொறக்க முடியலக்கா. பல்லெல்லாம் ரத்தம்."

சரியாகத்தான் இருந்தது.

இத்தனை வருடமும் அவள் தன் நாக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

சிறுமியின் கையைப் பிடித்தாள். பெஞ்சுகளைத் தாண்டி நடந்தாள். வகுப்பின் கடைசியில் சுபிக்‌ஷாவின் டீச்சர் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னம்மா வேணும்? சாக்பீஸா?" டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் தொடவில்லை.

"இவ வீட்டுக்கு ஒருதடவை வாங்க டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்தார்.

"இன்னைக்கே. அவங்கப்பா சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடி."