பாய்த்துணித் திரை

பிரகாசி படுத்திருக்கும் பேறுகால அறைக்குக் கதவு இல்லை. அவள் புருஷன் ததேயுஸ் தன் கட்டுமரத்தில் கட்டி ஓட்டிய பழைய பாய்தான், கடலைப் பார்த்த வாசலில் திரையாகத் தொங்குகிறது. பிள்ளை பெற்று ஐந்தாம் நாள். அவள் அதைத் தாண்டக் கூடாது. விடியுமுன் கடலுக்குப் போனவன் பொழுது சாயத் தொடங்கியும் திரும்பவில்லை. காற்று எப்படி என்று அறிய அவளுக்கு அந்தத் துணியை விட்டால் வேறு வழியில்லை. காலையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது உள்நோக்கிப் புடைத்து, தளர்ந்து, நிலையில் பட்டென்று அடிக்கிறது. கொழும்பிலிருந்து அண்ணன் கொண்டுவந்த மாதா படம் ஆணியில் கிடந்து ஆடுகிறது. தையல் ஓட்டைகளில் நுழையும் வெயில் குழந்தையின் முகத்தில் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. அவள் எழுந்து உட்காருகிறாள், படுக்கிறாள், பால் குடித்து முடித்த பிள்ளையை மறுபடி மார்போடு அணைக்கிறாள். கடலில் பாய் இப்படிப் புடைத்தால் மரம் கவிழ்ந்துவிடும் என்று ததேயுஸ் சொல்லியிருக்கிறான்.

“மயினி, மரம் வந்திற்றா?”

“வரும் மக்கா. காத்தெல்லாம் அடங்கியாச்சு. நீ கொஞ்ச நேரம் கண்ண மூடு,” என்கிறாள் வெளியே நிற்கும் நாத்தனார் செபஸ்தியாள்.

உண்மையாகவே திரை அசையாமல் நிற்கிறது. குழந்தையின் முகத்தில் வெயில் புள்ளிகளும் இல்லை. பிரகாசி நீளமாக மூச்சு விட்டுத் தலையைச் சாய்க்கிறாள். அப்போதுதான் திரையின் இரண்டு ஓரங்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும் விரல்கள் தெரிகின்றன. தரைக்கு எட்டாத துணிக்குக் கீழே, நாத்தனாரின் கால்களில் சேலை படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது.