அமெரிக்க முழங்கால்

“எம் பொண்ணு முட்டிய ஒடச்சிட்டு, மேல ஐஸ் கட்டிய வெச்சா ஆச்சா சார்?”

விழுப்புரம் கல்லூரி மைதானத்தில் கெங்கம்மாள் போட்ட சத்தத்தில் கபடி ஆடிய பெண்கள் ‘கபடி கபடி’ என்று பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் மகள் அஸ்வினி, வீங்கிய முழங்காலோடு தலையைக் குனிந்து நின்றாள்.

“ஒடையலம்மா. ஜவ்வு லேசா பிசகியிருக்கு. டாக்டரும் பாத்துட்டாரு,” என்றார் பி.டி. மாஸ்டர் சக்கரபாணி.

“எங்க அக்கா பையன் ராஜ்குமாரு அமெரிக்காவுல காலேஜு வாலிபால் டீமு. சுண்டுவிரல் பிசகுனதுக்கே அவனுக்கு ஒரு டாக்டரு, நீவி உட ஒருத்தரு, இன்னா தின்னணும்னு சொல்ல ஒருத்தரு, மனசு கஷ்டப்பட்டா பேசறதுக்குத் தனியா ஒரு மேடம்!”

“இங்க அந்த நாலு பேரும் நான்தாம்மா.”

“அவன் சிநேகிதன் ஜெர்மனியில ஓடறான். டாக்டரு சரின்னு சொல்ற வரைக்கும் கிரவுண்டுல காலு வெக்க உடமாட்டாங்களாம்!”

“இங்கயும் அதேதாம்மா. ரெண்டு வாரமா இவள ஆட விடல. வெளையாடவே கூடாதுன்னு போன் பண்ணியும் சொன்னேன். நீங்கதான எடுத்தீங்க?”

“அப்புறம் ஏன் வீக்கம் வடியல? அடுத்த மாசம் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. காலு சரியாவலன்னா இவ கதி இன்னா? எங்களுக்குத் தெரியாம ஓட உட்டுக்கினு இருக்கீங்க!”

சக்கரபாணி குழம்பிப்போய் அஸ்வினியைப் பார்த்தார். “ஓடினியாம்மா?”

“இல்ல சார்.”

ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

கெங்கம்மாளின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும் பழைய போன். கணவர் ஜெகதீசன் பிரம்மதேசம் கிராமத்து நிலக்கடலைக் களத்திலிருந்து கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

“இன்னும் அங்க இன்னா பண்ணிக்கினு இருக்க? லோடு வண்டி வந்து நிக்குது. மல்லாட்டை மூட்டை ஏத்த ஆளு வரல. அஸ்வினிய ஜல்தி இட்டுக்கினு வா, நேத்து மாதிரி அதுவே ஏத்திடும்!”

கபடிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சக்கரபாணி கெங்கம்மாள் பக்கம் திரும்பினார்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“நீங்க வெளையாடக் கூடாதுன்னுதான சார் சொன்னீங்க?”