ஆட்டுத்தோல் முகம்

வேலூரில் அன்று சாயங்காலம் ஓவியக் கண்காட்சி திறக்கிறார்கள் என்று, பெருமாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆம்பூரிலிருந்து வந்திருந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் அவனுக்கு முடி சுரண்டும் வேலை. ஓவியன் தணிகைவேல் அவனுக்குத் தோஸ்த். பெருமாள் கொடுத்த ஆட்டுத்தோலின் மேல்தான் நடுவயது ஆள் ஒருவனின் முகத்தை, நேரே பார்க்கிற மாதிரி வரைந்து மாட்டியிருந்தான்.

தோலைக் கண்டால் தடவிப் பார்க்காமல் பெருமாளுக்கு இருப்புக் கொள்ளாது. படத்தின் கன்னத்தைத் தடவியவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். சொரசொரவென்று முடி குத்தியது.

"சுண்ணாம்புல ஊற வச்சு நானே சுரண்டுனது தணிகை. ஒண்ணுகூட நின்னிருக்காது."

"காலையில மாட்டும்போது வழவழன்னுதான் இருந்துச்சு" என்றான் தணிகைவேல். "இப்ப இன்னா பண்றது? பெரிய மனுஷங்க வர்ற நேரம்."

தன் வேலைக்கு வந்த அவமானமாகவே பெருமாளுக்குப் பட்டது. "பிளேடு இருந்தா குடு. நீ போய் வாசல்ல நில்லு."

இடது கன்னத்தை மேலிருந்து கீழாக, வர்ணம் பெயராமல் பதமாக வழித்தான். முடி கறுப்பும் நரையுமாகக் கலந்து உதிர்ந்தது. தான் சுரண்டிய அந்த ஆடு முழுச் செவலை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வாசலில் கைதட்டல் கேட்டது. திரும்பி நின்று, பிளேடைக் காகிதத்தில் துடைத்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தான்.

நேரே பார்த்துக்கொண்டிருந்த முகம், சவரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தவனைப் போலக் கண்ணை மூடித் திரும்பி, வழிக்காத வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.