துரைக்கண்ணு கடை டோக்கன்

"திரும்பவும் தகரமாண்ணா? ஒரு அரையணா காசு கூடவா இல்ல?" சிங்கவரத்து ரஞ்சிதம் மிளகாய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒலக யுத்தம் நடக்குதும்மா. செஞ்சி முழுக்கச் சில்லறை கெடையாது. நான் இன்னா பண்றது?" மளிகைக்கடை துரைக்கண்ணு வட்டத் தகரம் ஒன்றை நீட்டினார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தன் பெயரைக் குத்தி அவரே செய்த அரையணா டோக்கன். "இதுவும் காசுதான். என்னிக்குக் கொண்டாந்தாலும் மறுபேச்சு பேசாம வாங்கிக்குவேன். கோட்டை மேல ஏறி நின்னு சொல்லச் சொல்லு, சொல்றேன்!"

"அப்போ இதை வெச்சுக்கினு காசாக் குடேன்."

"காசு இருந்தா டோக்கன் ஏன் குடுக்கிறேன்? சாமான் வாங்கிக்கோ."

"நீ விக்கிற வெலைக்கா? வேணாம்ண்ணா. சேத்து வெக்கிறேன். நல்ல நாளுக்கு ஆவும்." முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

துரைக்கண்ணுவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. ஒரு வருசத்தில் மூவாயிரம் டோக்கன் கொடுத்திருப்பார்; திரும்பி வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். தகரத்தைப் போய்ச் சேர்த்து வைக்கிறார்களாமே, பைத்தியக்கார ஜனங்கள்! அசல் சில்லறையெல்லாம் உள்ளே குடத்தில் நிறைந்து, மகள் சாமுண்டீஸ்வரி கழுத்துக்குச் சங்கிலியாகவே மாறியாகிவிட்டது.

"சங்கிலி சரி. சீயமங்கலத்துச் சம்பந்திக்கு மிச்சம் நூறு ரூவா தரணுமே?" என்றாள் மனைவி ராஜம்மாள். "தாலி கட்டின கையோட வெக்கலன்னா, பொண்ணை இங்கியே உட்டுட்டுப் போயிடுவாரு அந்த மனுசன்."

"மொய் இன்னாத்துக்கு இருக்குது? நான் பொட்டலம் கட்டிக் குடுக்காத வீடு இந்தச் சுத்துப்பட்டுல உண்டா? எல்லாரும் வருவாங்க பாரு."

எல்லாரும்தான் வந்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லை. பந்தி அமர்க்களப்பட்டது. தாலி ஏறியதும் மொய்த் தாம்பாளத்தில் கலகலவென்று சத்தம் கேட்கக் கேட்க, வாசலில் நின்ற துரைக்கண்ணுவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. சம்பந்தியும் தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மொய் எழுதிய அரிகிருஷ்ணன் ஊருக்கே கேட்கக் குரல் கொடுத்தான்.

"சிங்கவரம் ரஞ்சிதம், ஒரு ரூவா! துரைக்கண்ணு கடை டோக்கன் முப்பத்திரண்டு!"

தாம்பாளம் முழுக்க அதுதான். சம்பந்தி ஒன்றைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்க, இது எங்க சீயமங்கலத்துல செல்லுமா?"