தப்புக்கு ‘மேக்’, கல்யாணத்துக்கு ‘கெட்’

“‘ஸ்ட்ராங் ரெயின்’ இல்லம்மா, ‘ஹெவி ரெயின்’!”

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இசைப்பிரியா சிரித்தாள். பக்கத்தில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த அவள் அம்மா பொற்கொடிக்கு அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை.

“ஸ்ட்ராங் டீ இருக்கு, ஸ்ட்ராங் ரெயின் இருக்கக் கூடாதா? மழைய எவன் தூக்கிப் பாத்து ஹெவின்னு சொன்னான்?”

“சில வார்த்தைக்குச் சில வார்த்தைதாம்மா ஜோடி. மாத்திப் போட்டாலும் புரியும். ஆனா காதுல உறுத்தும்.”

பொற்கொடி சுரங்க ஸ்டோர்ஸில் கிளார்க். ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் இந்த மெயிலை எழுதி வைத்துவிட்டு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் லீவில் வரட்டும் என்று காத்திருந்தாள். மெயில் போக வேண்டிய இடம் ரூர்கேலா. கன்வேயர் பெல்ட் வேலைக்காக நெய்வேலி வந்து, ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போன மொஹந்திக்கு. அவருக்குத் தமிழ் அரைகுறை. இவர்களுக்கு ஒடியா ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதனால் கல்யாணப் பேச்சு முழுக்க இங்கிலீஷில்தான் நடந்துகொண்டிருந்தது. சம்மதமா என்று அவர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக பொற்கொடி வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை.

“அவர் எழுதுற இங்கிலீஷ்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. நாம தப்பும் தவறுமா அனுப்பினா, என்னா குடும்பம்டா இதுன்னு நினைக்க மாட்டாரா?”

“நினைக்க மாட்டார். அடுத்த வரிய பாரு. ‘டூ மிஸ்டேக்’னு எழுதியிருக்க. தப்புக்கு ‘டூ’ வராது, ‘மேக்’தான் வரும்.”

“சரி. அதுக்குக் கீழ ‘மேக் மேரேஜ்’னு போட்டிருக்கேன். அதுவாவது கரெக்டா?”

“இல்ல. கல்யாணத்துக்கு ‘கெட்’. கெட் மேரீட்.”

“என்னாடி இது! தப்பு பண்ணா மேக், கல்யாணம் பண்ணா கெட்டா? தமிழ்ல தப்பு பண்ணு, கல்யாணம் பண்ணு, போன் பண்ணு... எல்லாத்துக்கும் ஒரே பண்ணு. எவ்ளோ சௌகரியம்!”

“அப்படியா? புடவைய கட்டுறோம், சட்டைய போடுறோம், பூவ வைக்கிறோம். ‘பூ மாட்டிகினு வந்தா’ன்னு யாராவது சொன்னா நீ சிரிக்க மாட்ட?”

பொற்கொடி குபீரென்று சிரித்துவிட்டாள். “மொஹந்தி அப்படித்தான் சொல்லுவாரு. ‘மேடம், இன்னிக்குப் பூ மாட்டிகினு வந்திருக்கீங்க’ம்பாரு. ஸ்டோர்ஸே சிரிக்கும்.”

“அதேதான் இதுவும். உன் மேக் மேரேஜும் பூ மாட்டின மாதிரிதான்.”

“அப்ப லவ்வுக்காவது மேக் போடலாமா?”

இசைப்பிரியாவுக்கு முறுக்கு புரையேறியது.

“அய்யோ அம்மா! லவ்வுக்கு மேக் போடவே கூடாது!”

“ஏன்?”

“கூடாதுன்னா கூடாது!”

“காரணத்தைச் சொன்னாத்தானே கத்துக்க முடியும்?”

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் காதுமடல் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் பொற்கொடிக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது.

“அடிப்பாவி!” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பக்கத்து குவார்ட்டர்ஸ் கலியம்மாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “என்னாக்கா, வூட்ல ஏதாவது விசேஷமா?”

“ஒண்ணுமில்ல. இங்கிலீஷ் படிச்சிகினு இருக்கோம்!”

கலியம்மாள் நம்பாமலே ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கடைசி வரி வந்தது. “‘வித் ஃபுல் ஹார்ட்’டை ‘வித் ஆல் மை ஹார்ட்’னு மாத்திடறேன். மனசாரச் சம்மதிக்கிறேன்னு அழகா வரும்.”

பொற்கொடியின் சிரிப்பு அடங்கியது. சுவரில் இருந்த கணவரின் படத்தைப் பார்த்தாள்.

“மேலேருந்து உங்கப்பா பாத்தா என்னா நினைப்பாரு?”

“சந்தோஷப்படுவாரு.”

“வடலூர்ல உங்க சித்தப்பா இருக்காரே. ஒடிசாக்காரனான்னு குதிப்பாரு.”

“குதிக்கட்டும். கூட வாழப்போறது சித்தப்பாவா?” இசைப்பிரியா லேப்டாப்பை அம்மாவின் பக்கம் திருப்பினாள். “பட்டனை நீதான் அமுக்கணும். உன் சம்மதம்தான் முக்கியம்.”

“இரு. ஹெவி ரெயின் போட்டுட்டியா? மேக் எல்லாத்தையும் பாத்து எடுத்துட்டியா?”

“எல்லாம் ஆச்சு. அமுக்கும்மா!”

பொற்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள். மெயில் போய்விட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

மூச்சு வாங்கி உட்காருவதற்குள் பொற்கொடியின் போன் அடித்தது. திரையில் மொஹந்தியின் பெயர்.

“நீ எடு, நீ எடு!” என்று போனை மகளின் கையில் திணித்தாள். இசைப்பிரியா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ஹலோ!” என்றது ஒரு பெண் குரல். இளம் குரல்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய போனில் இது யார்?

“மெயில் கிடைச்சுது” என்று அந்தக் குரல் ஆங்கிலத்தில் படபடவென்று பேசிக்கொண்டே போனது. “மாப்பிள்ளை சந்தோஷத்துல அழுதுக்கிட்டு இருக்கார், அவருக்குப் பேச்சே வரல. இங்கே அவரோட இங்கிலீஷைத் திருத்துறது அவர் மகள், நான்தான். அங்கே கல்யாணப் பொண்ணோட இங்கிலீஷைத் திருத்துறது அவங்க மகள், நீங்கதானே?”