சிவப்புக் கோடுகள்

கணவர் இறந்தபின், அவருடைய பழைய கேமரா லென்ஸைத் துடைத்துத் தரச் சொல்லி அக்கா தங்கையிடம் கொடுத்திருந்தாள். பூஞ்சை பிடித்துப் பாழாகிவிட்டது, எறிந்துவிட்டேன் என்று சொல்லித் தங்கை அதை வைத்துக்கொண்டாள். இன்று தன் ஸ்டூடியோவுக்கு வந்த அக்காவையே அதில் படமெடுக்க அவளுக்குக் கை துறுதுறுத்தது. அக்காவுக்கு எல்லா லென்ஸும் ஒன்றுதான் என்று நினைத்தாள்.

பழைய லென்ஸ் என்பதால் வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். எது தெளிவாகிறதோ, கேமராவின் திரையில் அதன் விளிம்பில் சிவப்புக் கோடு விழும். அக்காவின் முகத்தில் கோடு விழவே இல்லை. பக்கத்துக் காலி ஸ்டூலின்மேல் விழுந்தது. முதலில் ஒரு தோள், பிறகு காது, பிறகு எப்போதும்போல் ஒருபக்கம் சரிந்த அத்தானின் மூக்குக்கண்ணாடி.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது.

“என்னடி, திருகிக்கிட்டே இருக்கே? அவரும் இப்படித்தான். ஒரு படம் எடுக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு முடி நரைச்சிடும்.”

“இதோ ஆச்சுக்கா.”

“அவரோட லென்ஸ் மாதிரியே இருக்கே அது.”

அக்காவின் குரலில் சந்தேகம் இல்லை, ஆசைதான் இருந்தது. தங்கைக்குக் காது மடல் சுட்டது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

“இல்லக்கா, இது வேற.”

அக்கா தலையாட்டிவிட்டு நேராகப் பார்த்துச் சிரித்தாள். திரையில், அவளருகே இருந்த சிவப்புக் கோட்டுத் தலை மெல்லக் குனிந்தது.