முகமில்லாத சிலை

வண்டிப்பெரியாருக்கு அருகே, காட்டுப் பாதையோரம் கற்சிலைகள் வைத்திருந்தார்கள். கோவையிலிருந்து வந்திருந்த யோகப்பிரியாவும் கணவன் பிரதீப்பும், தேயிலைக் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண் சிலையின் முன் நின்றார்கள். அதன் காலடியில் வயதான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்கம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கறோம். கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் யோகப்பிரியா.

அவள் எழுந்து ஒதுங்கி நின்றாள்.

"சிலைக்கு முகமே இல்லையே?" என்றான் பிரதீப்.

"அதுதாங்க அழகே. எந்த எஸ்டேட்டுப் பொம்பளையா வேணாலும் இருக்கட்டும்னு, செஞ்சவரு வேணும்னேதான் விட்டிருக்காரு" என்றாள் யோகப்பிரியா.

"நெசமாவா தாயி?" அந்தப் பெண் ஆவலாக அருகே வந்தாள். "அப்படி நெனச்சுத்தான் விட்டானா?"

"இதைச் செஞ்சவரை உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எம் மகன் மணிகண்டன். மொகத்த மட்டும் என்னையப் பாத்துச் செதுக்கணும், ஞாயித்துக்கெழம வந்து உக்காரும்மான்னு சொல்லியிருந்தான். அதுக்குள்ள பைக்குல வரும்போது லாரி மோதிருச்சு. பாதியில விட்டுட்டுப் போயிட்டானேன்னுதான் தாயி இங்க வந்து வந்து அழுவேன்."

யோகப்பிரியா சிலையின் முகமில்லாத தலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொருக்கா சொல்லு தாயி. எம் புள்ள முடிச்சிட்டுத்தான போனான்?"

யோகப்பிரியா அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"முடிச்சிட்டுத்தானுங்கம்மா போயிருக்காரு."